கசப்புக்கு ஒரு துணை

டிசம்பர் பிறந்துவிட்டால் மட்டாஞ்சேரியின் வீடுகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பள்ளிகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. வளைகுடாவில் வேலை செய்யும் மகன், மும்பையில் குடித்தனம் நடத்தும் மகள், கோயம்புத்தூரில் படிக்கும் பேரன் எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து இறங்குவார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் ஆண்டின் கடைசி இரவில் கொளுத்துவதற்காகப் பப்பாஞ்சிப் பொம்மை தயாராகும். கொங்கணி வீடு, குஜராத்தி வீடு, தமிழ் வீடு, கத்தோலிக்க வீடு, கட்ச் மேமன் வீடு என்று எந்த வித்தியாசமும் இல்லாமல் எல்லா வாசல்களிலும் ஒரு கேள்வி நிற்கும்: இத்தனை பேருக்கும் பிடிப்பது போல என்ன சமைப்பது?

இந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து வந்த மகனோ மருமகளோ காய்கறிக் கடையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உள்ளே நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சைப் பசேலென்று உருண்டைகள். ஆங்கிலத்தில் பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ். தமிழில் களைக்கோசு என்று பெயர் உண்டு. பேரன் அதைப் பார்த்ததும் கேட்பான்: "என்ன பாட்டி, முட்டைகோஸ் குட்டி போட்டிருக்கா?"

கேள்வி தப்பில்லை. முட்டைகோஸ், காலிஃபிளவர், நூல்கோல், களைக்கோசு நான்கும் ஒரே தாவர இனம். ஒன்றில் நுனி மொட்டு பெருத்தது, ஒன்றில் பூ பெருத்தது, ஒன்றில் தண்டு பெருத்தது. களைக்கோசுச் செடியில் இரண்டு மூன்று அடி உயரத் தண்டில், ஒவ்வொரு இலைக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் பக்க மொட்டு சின்னச் சின்னக் கோஸாக உருண்டுகொள்கிறது. ஒரே செடியில் பல டஜன் காய்கள். ஐரோப்பாவில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பேர் வாங்கியதால் ஊரின் பெயரே காய்க்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்து மேஜையில் இது இல்லாமல் இருக்காது. அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்காத குழந்தையும் இருக்காது. இரண்டும் சேர்ந்துதான் அங்கே பண்டிகை.

நம் பக்கத்தில் இது நீலகிரியில் விளைகிறது. குளிர்தான் இதற்கு உயிர். உறைபனி பட்ட காய் இனிக்கும். குளிரைத் தாங்கிக்கொள்ளச் செடி தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. ஊட்டியில் உறைபனி விழுவது டிசம்பர், ஜனவரியில். ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வாங்குகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ நல்ல காலத்தில்தான் வாங்குகிறார்கள்.

சிக்கல் அடுப்படியில் ஆரம்பிக்கிறது. முட்டைகோஸை விட விலை அதிகம் கொடுத்து வாங்கிய காயை, தண்ணீரில் போட்டு நன்றாக வேக வைத்து, வடிகட்டித் தட்டில் வைக்கிறார்கள். வீடு முழுக்க ஒரு நாற்றம். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சின்னவன் வாயில் வைத்த வேகத்தில் துப்புகிறான். வாங்கி வந்தவருக்குக் கோபம். "ஒழுங்கா சாப்பிடு" என்று ஒரு அதட்டல். பத்து மாதம் காத்திருந்து கூடிய குடும்பம், ஒரு காய்க்காக ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

குற்றம் காயிலும் இல்லை, குழந்தையிலும் இல்லை. பாதி சமைத்த விதத்தில் இருக்கிறது. பாதி, நாக்கில் இருக்கிறது.

சமைக்கும் விதத்தை முதலில் பார்க்கலாம். கோஸ் குடும்பத்துக் காய்களில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சத்துகள் உள்ளன. கடுகிலும் இருப்பவைதான். காயை நறுக்கியதும் அதிலுள்ள மைரோசினேஸ் என்ற நொதி அவற்றை உடைத்து, கடுகின் காரத்தையொத்த பொருள்களை உண்டாக்குகிறது. சட்டென்று சூடேற்றினால் நொதி அடங்கிவிடும். ஆனால் அதற்குப் பிறகும் கொதிக்கக் கொதிக்க, கந்தகம் அழுகிய முட்டை வாடையுள்ள வாயுவாக வெளியேறத் தொடங்குகிறது. முட்டைகோஸை வேக வைக்கும்போது ஐந்தாவது நிமிடத்துக்கும் ஏழாவது நிமிடத்துக்கும் இடையில் இந்த வாயு இரண்டு மடங்காகிறது என்கிறார்கள் உணவு வேதியியல் படித்தவர்கள். இரண்டே நிமிட வித்தியாசம். "இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்று விட்டுவிடுவதுதான் எல்லாக் கெடுதலுக்கும் காரணம்.

இனி நாக்கு. 1931ல் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைப் புட்டியில் கொட்டிக்கொண்டிருந்தபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் மாறி மாறி நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு எட்டிக்காய், மற்றவருக்குச் சுண்ணாம்புத் தூள். சிலருக்கு மட்டும் தெரியும் இந்தக் கசப்பு பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்தது. 2003ல் அதற்கான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். கோஸ் குடும்பத்துக் கசப்பும் இதே ஜாதிதான். தாய்க்கும் பிள்ளைக்கும் இந்த மரபணு ஒரே மாதிரி இருந்தாலும்கூட, பிள்ளைக்குக் கசப்பு கூடுதலாகத் தெரியலாம் என்று அமெரிக்காவின் மோனெல் ஆய்வு நிலையம் 2005ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எனவே "எனக்குக் கசக்கல, உனக்கு மட்டும் எப்படி?" என்று அப்பா கேட்பது, ஃபாக்ஸ் தன் நண்பரைப் பொய்யர் என்று சொல்லியிருந்தால் எப்படியோ அப்படி.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தக் காயின் கசப்புக்குச் சினிக்ரின், புரோகாய்ட்ரின் என்ற இரண்டு பொருள்களே முக்கியக் காரணம் என்று 1990களின் இறுதியில் ஹான்ஸ் வான் டோர்ன் என்ற டச்சு விஞ்ஞானி காட்டினார். டச்சு விதை நிறுவனங்கள் பழைய விதைகளைத் தேடி எடுத்து, கசப்பு குறைந்தவற்றை நல்ல விளைச்சல் தரும் ரகங்களோடு ஒட்டுச் சேர்த்தன. வெள்ளைக்காரப் பாட்டிகள் கதை கதையாகச் சொல்லும் அந்தப் பழைய கசப்பு, புதிய ரகங்களில் இல்லை.

டச்சுக்காரர்கள் என்றதும் கொச்சிக்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவர்கள் இங்கே 1663லிருந்து 1795 வரை ஆண்டவர்கள். போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனைக்கு, பழுது பார்த்த காரணத்தால் இன்றும் டச்சு அரண்மனை என்றுதான் பெயர். அவர்களுடைய ஆளுநர் வான் ரீட் மலபாரின் செடிகொடிகளைப் பற்றி 12 தொகுதிகளில் எழுதுவித்த ஹோர்டூஸ் மலபாரிகூஸ் என்ற நூல் 1678க்கும் 1693க்கும் இடையில் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் அதற்குத் தகவல் கொடுத்தவர்கள். கொச்சியின் கீரையும் மூலிகையும் ஹாலந்துக்குப் போன கதை அது. அந்தப் பக்கத்துக் காய் இப்போது கொச்சிக்கு வருகிறது. கணக்கு நேர்.

வந்த காயை என்ன செய்வது என்பதற்கும் வெளியே போய்க் கேட்க வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியின் நாலைந்து தெருக்களுக்குள்ளேயே பதில் இருக்கிறது.

முதல் பதில், தோரன். மலையாளி வீட்டில் முட்டைகோஸ் தோரன் இல்லாத சத்யை இன்று அரிது. அந்தக் கோஸே கப்பலில் வந்ததுதான். மராத்தியரின் கோபியும் யாழ்ப்பாணத்தாரின் கோவாவும் போர்த்துகீசியரின் கோவே என்ற சொல்லில் பிறந்தவை. சத்யை இலையில் விழும் மிளகாயும் அன்னாசியும்கூட அந்த வழியாக வந்தவையே. எனவே இலையில் இன்னொரு விருந்தாளிக்கு இடம் கொடுப்பதில் தவறில்லை.

ஆறு பேருக்கு 400 கிராம் களைக்கோசு போதும். கையில் எடுத்தால் கல் போலக் கனமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். மஞ்சளோடியது வேண்டாம். சிறியதாக இருந்தால் இனிப்பு அதிகம். அடிக்காம்பை நறுக்கி, வாடிய வெளி இதழ்களை நீக்கி, இரண்டாகப் பிளந்து, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் புழு இருந்தால் வெளியே வந்துவிடும். பிறகு அலசி, துணியில் ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக அரியவும். ஈரத்தோடு அரிந்தால் தோரன் கூழாகிவிடும்.

ஒரு கப் தேங்காய்த் துருவல், மூன்று பச்சை மிளகாய், நாலு சின்ன வெங்காயம், அரைத் தேக்கரண்டி சீரகம், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள் இவற்றைத் தண்ணீர் விடாமல் ஒன்றிரண்டாகச் சதைத்துக்கொள்ளவும். இரண்டு மேஜைக்கரண்டி தேங்காயெண்ணெயில் கடுகு, ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, இரண்டு வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, காயைப் போட்டுப் பெரிய தீயில் இரண்டு நிமிடம் வதக்கவும். உப்புப் போட்டு, நடுவில் குழி செய்து தேங்காய்க் கலவையை வைத்து, காயால் மூடி, தீயைக் குறைத்துத் தட்டால் மூடவும். மூன்று நிமிடம். திறந்து கிளறி இறக்கிவிட வேண்டியதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். பச்சை நிறம் போகாமல் இருக்கச் சமையல் சோடா போடும் பழக்கமும் வேண்டாம். நிறம் நிற்கும், காய் குழைந்துவிடும், வைட்டமினும் போய்விடும்.

ஆங்கிலேயர் தண்ணீரில் வேக வைத்துச் செய்யும் தப்பைத் தோரன் செய்வதில்லை. மொத்தம் ஐந்து நிமிடம், தண்ணீர் இல்லை, கூடவே தேங்காய். உப்பும் சும்மா இல்லை. உப்பு கசப்பை அடக்குவதால்தான் மற்ற ருசிகள் மேலே எழுகின்றன என்று அதே மோனெல் நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் 1997ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறி வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் இதழில் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பதில், குஜராத்தி ரோட்டில். சம்பாரோ என்று ஒன்று செய்வார்கள். முட்டைகோஸையும் காரட்டையும் நீள நீளமாக அரிந்து, கடுகு, பெருங்காயம், கீறிய பச்சை மிளகாய் தாளித்த எண்ணெயில் மஞ்சளும் உப்பும் சேர்த்து இரண்டே நிமிடம் புரட்டி எடுப்பது. பாதி வெந்தும் வேகாமலும் கறுக் கறுக்கென்று இருக்க வேண்டும். கோஸுக்குப் பதில் களைக்கோசு, இறக்கியபின் அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை சர்க்கரை. விருந்து தயாராகி எல்லோரும் உட்கார்ந்த பிறகு செய்தால்கூட நேரம் இருக்கும்.

மூன்றாவது பதில்தான் குழந்தைகளுக்கு. போர்த்துகீசியரின் மதக் கெடுபிடி தாங்காமல் கோவாவை விட்டுத் தெற்கே வந்த கொங்கணிகள், செர்லாய் பக்கத்துத் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சண்ணா போளோ என்று காரமான குட்டி தோசை உண்டு. கோஸைப் பொடியாக நறுக்கி மாவில் கலப்பார்கள். ஒரு கப் பச்சரிசி, கால் கப் துவரம்பருப்பு இரண்டையும் இரண்டு மணி நேரம் ஊற வைக்கவும். அரைக் கப் தேங்காய், ஆறு வற்றல் மிளகாய், கோலிக்குண்டு அளவு புளி, உப்பு சேர்த்துக் கெட்டியாக, கொஞ்சம் கரகரப்பாக அரைக்கவும். பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றி, பொடியாக நறுக்கிய 200 கிராம் களைக்கோசைக் கலந்து, சூடான தோசைக்கல்லில் கையாலேயே சின்ன வட்டங்களாகத் தட்டி, சுற்றிலும் தேங்காயெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுக்கவும். சின்னக் குழந்தைகள் இருந்தால் மிளகாய் மூன்று போதும். மாவை அரைத்தவுடன் சுட வேண்டும். காயைக் கலந்து வைத்துவிட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

இதில் காய் கண்ணுக்குத் தெரியாது, ருசி மட்டும் இருக்கும். ஆனால் ஏமாற்றிக் கொடுக்க வேண்டாம். கேட்டால் சொல்லிவிடுவதே நல்லது. இல்லையென்றால் அடுத்த தோசையையும் பிட்டுப் பிட்டுப் பார்த்துத்தான் தின்பார்கள்.

நாலாவது, கிறிஸ்துமஸ் மேஜைக்கு. ஃபோர்ட் கொச்சி ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன ப்ரூடர் ரொட்டி இன்னும் உண்டு. அதன் பக்கத்தில் வைக்கத் தகுந்தது இது. இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்துத் தேங்காயெண்ணெய் தடவி, பாதியாக வெட்டிய களைக்கோசுகளை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வரிசையாக வைக்கவும். நாலு நிமிடம் தொடவே கூடாது. அடி பொன்னிறமாகி, ஓரம் கருகத் தொடங்கியதும் திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். உப்பு, அப்போதே இடித்த மிளகு. மிளகுக்கு மட்டாஞ்சேரியில் பஞ்சமா? கடைசியாக, வீட்டில் இருக்கும் புளியிஞ்சியில் இரண்டு கரண்டி எடுத்து மேலே புரட்டி இறக்கவும். புளியிஞ்சி இல்லாவிட்டால் கெட்டிப் புளிக்கரைசலில் வெல்லமும் இஞ்சியும் போட்டுக் கொதிக்க வைத்துக்கொள்ளலாம். கருகல், காரம், புளிப்பு, இனிப்பு நான்கும் வந்த பிறகு கசப்பு ஐந்தாவது ஆளாகப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

காயின் அடியில் கத்தியால் பெருக்கல் குறி போடும் வழக்கம் ஒன்று வெள்ளைக்காரச் சமையல் புத்தகங்களில் உண்டு. அது தேவையில்லை. அந்த வழியாகத் தண்ணீர்தான் ஏறும்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சில வீடுகளில் பாட்டி "இங்கிலீஷ் காய்" தொட மாட்டார். திவசத்தன்று கோஸ், காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எதுவும் அடுப்படிக்குள் வராது. அவருக்கென்று ஒரு ஓலனோ எரிசேரியோ செய்து வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதைவிட முக்கியமானது தாத்தாவின் மாத்திரை. நூறு கிராம் களைக்கோசில் வைட்டமின் சி சுமார் 85 மில்லிகிராம், வைட்டமின் கே சுமார் 177 மைக்ரோகிராம் இருக்கிறது. முதலாவது எல்லோருக்கும் நல்லது. இரண்டாவது ரத்தம் உறைய உதவுவது. இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, திடீரென்று இந்தக் காயை நிறையப் போட்டால் மாத்திரையின் வேலை குறையும். அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு அளவோடு சாப்பிடுவதுதான் சரி. வாயுத் தொல்லை உள்ளவர்களுக்கும் ஒரு கரண்டியோடு நிறுத்துவது நல்லது. பெருங்காயமும் இஞ்சியும் கொஞ்சம் உதவும், முழுக்க உதவாது.

இவ்வளவு செய்தும் சின்னவன் வேண்டாம் என்றால்? விட்டுவிட வேண்டும். புதுக் காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து தடவை அதை ருசி பார்க்க வேண்டியிருக்கலாம் என்கிறார்கள் குழந்தை உணவு ஆராய்ச்சி செய்பவர்கள். ஒரு விடுமுறையில் எட்டு தடவை ஆகாது. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் பாக்கி இருக்கட்டும். அதட்டிக் கொடுத்த ஒரு வாய், அடுத்த பத்து வாயையும் கெடுத்துவிடும்.

பண்டிகையில் கசப்பு இருக்கக்கூடாது என்று எந்தப் பண்டிகையும் சொல்லவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். தமிழ் வருஷப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி வைக்கிறோம். சத்யை இலையில் பாவைக்காய் கிச்சடி விழுகிறது. மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், 1568ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றி ஒரு காலத்தில் வீடு வீடாகப் பஸ்கா பண்டிகை நடந்தது. 1948க்குப் பிறகு அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை இஸ்ரேலுக்குப் போய்விட்டன. அடிமைப்பட்டிருந்த நாட்களை மறக்காமலிருக்க, யூதர்கள் அந்த விருந்தில் கசப்புக் கீரை தின்பது வழக்கம். கீரையைத் தனியாகத் தின்பதில்லை. பழமும் பருப்பும் சேர்த்து அரைத்த இனிப்புக் கலவையைத் தொட்டுக்கொண்டு தின்பார்கள். பேரீச்சம்பழப் பாகு கொச்சி யூதர்களின் பஸ்கா மேஜையில் அந்த இடத்தைப் பிடித்தது.

நம் பச்சடியில் வெல்லம், கிச்சடியில் தயிர், அவர்கள் மேஜையில் பேரீச்சம்பழம். யாரும் கசப்பை விரட்டவில்லை. அதற்குத் துணைக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்கள். களைக்கோசுக்கும் அதையே செய்யலாம். ஒவ்வோர் இலையிலும் ஒரு கரண்டி மட்டும், ஓரமாக. யார் மிச்சம் வைத்தார்கள் என்று எட்டிப் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. மறு பரிமாறலுக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்பது தானே தெரிந்துவிடும்.